நாலு குழாயும் ஒரு கயிறும்

"கையைத் தூக்கும் மாப்பிள," என்றான் சவேரி அண்ணன்.

எங்க வீட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். முழங்கை வரைக்கும் கறுப்பு மசகு. அண்ணன் அவர் இடுப்பைச் சுற்றிக் கயிற்றைக் கொண்டுவந்து, முன்னால் முடிச்சுப் போட்டு, ஒரு சுண்டு சுண்டிப் பார்த்தான். சங்குக் குளிப்புக்குக் கொண்டுபோகிற அதே கயிறு. உப்பு ஏறி வெளுத்து, காய்ந்தாலும் கடல் வாடை போகாமல் இருந்தது.

"காருக்கு அடியில போறதுக்கு எதுக்கு மச்சான் கயிறு? அங்கன என்ன சுறாவா கெடக்கு?"

"சுறா கெடந்தாக்கூடப் பரவாயில்ல, கடிச்சா ஒமக்கே தெரியும். நான் கூப்புட்டாத்தான் ஒமக்குக் கேக்காது. எஞ்சின் போடுத சத்தத்துல ஒரு செவிடனை எப்படி வேய் வெளிய கூப்புடுதது?"

"சரி, நான் ஒருக்கா இழுத்தா நீரு இழும். நான் இழுக்காம இழுக்கப்படாது."

"எனக்கே சொல்லுதீரோ?"

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அண்ணன் பார்த்துவிட்டான். "சிரிக்காத ஏளா. ஒந் தாலியத்தான் இங்கன முடிஞ்சி வைக்கேன்," என்றான்.

அன்றைக்கு நாங்கள் சிரித்தது அதோடு சரி.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் சங்குக் குளிப்பைப் பற்றி எழுதும்போது, 'அண்ணன் தவறிய வருஷம்' என்று ஒரு வரி வந்துவிட்டது. அதைப் படித்துவிட்டு ஒரு அம்மா தபால் அட்டை போட்டிருக்கிறார்கள், உங்கள் அண்ணன் கடலிலா போனார் என்று. கடலில் இல்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில், காய்ந்த தரையில். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். இதை எப்படி எழுதுவது என்று ரெண்டு நாள் யோசித்தேன். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

பச்சைக் கார்

யுத்தம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. பெட்ரோல் இன்னும் சீட்டுக்குத்தான் கிடைத்தது. அரிசியும் அப்படியே.

ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளம் வைத்திருந்த ஒரு பெரிய வீட்டில் இளைய பிள்ளை ஒருவர் இருந்தார். ஊரில் எல்லாரும் அவரைச் சின்ன முதலாளி என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். அவர் கொழும்பிலிருந்து தோணியில் ஒரு கார் ஏற்றிக்கொண்டு வந்தார். பச்சை நிறம், கூரை கிடையாது, இரண்டு பேர்தான் உட்காரலாம். தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு நண்டு மாதிரி இருக்கும்.

துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் இருந்தார். அவரிடமும் ஒரு கார். உப்பளத்துக்கு அப்பால் வெடித்துக் காய்ந்து கிடக்கும் தரையில் இரண்டு பேரும் ஓட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் துரைதான் முந்துவார். முந்தும்போது தொப்பியை எடுத்து ஆட்டிவிட்டுப் போவாராம். அந்தத் தொப்பிதான் சின்ன முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

சீமையிலிருந்து ஒரு மரப்பெட்டி வரவழைத்தார். வைக்கோலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நாலு இரும்புக் குழாய். நாலும் வேறு வேறு மாதிரி வளைந்து போய், கடைசியில் ஒரே வாயில் சேர்ந்திருந்தன. ஒரு கையை மல்லாத்தி விரல்களை மடக்கின மாதிரி.

அதைப் பூட்டித் தரச் சொல்லித்தான் எங்க வீட்டுக்காரரிடம் வந்தார். இவர் அப்போது துறைமுகத்துப் பட்டறையில் வேலை. அதற்கு முன்னால் சங்கு குளித்தவர். ஒரு நாள் ஆழத்தில் காது வெடித்து, மூக்கிலும் காதிலும் ரத்தத்தோடு மேலே வந்தார். ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது, இன்னொன்று அரைகுறை. கடலை விட்டுவிட்டு ஸ்பேனரைப் பிடித்தவர், இரும்பில் கை ஓடுகிறது என்று பெயர் எடுத்தார். அவர் பெயர் லூர்து. பேர் சொல்லி எழுதக் கை வரமாட்டேன் என்கிறது, அதனால் ஒரு தடவை எழுதியதோடு விட்டுவிடுகிறேன்.

எங்கள் கொல்லையில் சங்கு அடைத்து வைக்கிற பழைய கிட்டங்கி ஒன்று சும்மா கிடந்தது. தடித்த சுவர், பலகைக் கதவு, உச்சியில் கைப்பிடி அகலத்துக்கு ஒரு காற்றுத் துவாரம். காரைத் தள்ளிக்கொண்டுவந்து அதில் விட்டார்கள்.

"இது என்னத்துக்குங்க?" என்று நான் குழாயைத் தொட்டுக் கேட்டேன்.

"எஞ்சினுக்கு நாலு அறை. நாலு அறைப் புகையும் இப்ப ஒரே வாசல்ல முட்டி மோதிக்கிட்டு வெளிய வருது. பூச முடிஞ்சி கோயில் நடையில சனம் நெருக்குதா இல்லையா, அந்த மாதிரி. இது ஆளுக்கொரு வாசல். மூச்சு லேசா வெளிய போச்சுன்னா அடுத்த மூச்ச வேகமா இழுக்கலாம்லா?"

குளித்தவர் அல்லவா, அவருக்கு எல்லாமே மூச்சுக் கணக்குத்தான்.

மணல் வறுத்தது

லேசில் முடிகிற வேலையாக இல்லை.

பழைய வார்ப்பு இரும்பைக் கழற்றவே நாள் போனது. கடற்கரை ஊரில் இரும்புக்கு ஆயுசு கிடையாது. மரையெல்லாம் துரு ஏறி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைப்பார், மறுநாள் திருகுவார், அசையாது, மறுபடி ஊற்றுவார். என் சேலையெல்லாம் மண்ணெண்ணெய் வாடை.

கழற்றி முடித்துப் புதுசை வைத்தால் நாலாவது குழாய் ஸ்டியரிங் கம்பியில் போய் இடித்தது. வளைக்க வேண்டும். வெறும் குழாயைச் சூடாக்கி வளைத்தால் நசுங்கிப்போகும். உள்ளே மணலைக் கெட்டித்து நிரப்பிவிட்டு வளைக்க வேண்டும். அந்த மணலில் பொட்டு ஈரம் இருந்தாலும் குழாய் வெடித்துவிடும் என்றார்.

அதனால் கடல்மணலை அலசி உப்புப் போக்கி, கடலை வறுக்கிற சட்டியில் போட்டு நான் வறுத்தேன். அகப்பையால் தள்ளத் தள்ளக் கரகரவென்று சத்தம். சவேரி அண்ணன் பெண்சாதி ரெஜினா மதினி அடுத்த வீடுதான். வாசலில் நின்று மூக்கைச் சுளித்தாள்.

"என்ன ஏளா வறுக்க?"

"மணல் மதினி."

"நல்லாக் கேட்டேன் போ. அரிசிக்குச் சீட்டுன்னு ஆனதும் மணல்ல எறங்கிட்டியா? எங்க வீட்டுக்கும் ஒரு படி எடுத்து வையி."

மதினிக்கு வாய் சும்மா இருக்காது. அந்த வாய்க்காகவே அண்ணன் அவளைக் கேட்டுக் கட்டினான் என்பார்கள்.

சிரட்டைக்கரியில் குழாயைப் பழுக்க வைத்து அண்ணனும் இவரும் சேர்ந்து வளைத்தார்கள். வளைந்தது. பூட்டும்போது ஒரு போல்ட்டு, துரு தின்றது, எஞ்சினுக்குள்ளேயே முறிந்து நின்றுகொண்டது. மிச்சம் போல்ட்டுகள் பிடித்துக்கொண்டன. அந்த ஒரு மூலை மட்டும் சரியாக உட்காராமல் லேசாக வாய் திறந்தே இருந்தது. கப்பல் கொதிகலனுக்குச் சுற்றுகிற கல்நார் கயிற்றை வாங்கிவந்து அடைத்துப் பார்த்தார்.

சப்பான்காரன் வந்த நாள்

சின்ன முதலாளிக்குப் பொறுமை இல்லை. பின்பக்கத்து நீளக் குழாயும் சத்தம் அடக்குகிற டப்பாவும் இன்னும் மாட்டவில்லை. நாலு குழாய் சேர்கிற வாயோடு அறுந்து நிற்கிறது. "ஒரு தடவ முடுக்கிப் பார்ப்போம் அண்ணாச்சி," என்றார். காரைக் கொல்லைக்குத் தள்ளி முடுக்கினார்கள்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல. தகரக் கூரைமேல் ஆகாயமே விழுந்த மாதிரி. கோழியெல்லாம் சுவர் தாண்டிப் பறந்தது. யுத்தத்தின்போது கொழும்பில் குண்டு போட்ட சேதி கேட்டு, ஆகாயத்தில் இரைச்சல் என்றால் ஓடப் பழகிய ஊர் எங்களுடையது. தெருவே மாதா கோயிலுக்கு ஓடியது. பிள்ளையைத் தூக்குகிற அவசரத்தில் ஒருத்தி அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

"சப்பான்காரன் வந்துட்டான்."

"சண்டதான் முடிஞ்சிட்டே வேய்."

"முடிஞ்சது அவனுக்குத் தெரியுமோ என்னமோ."

இதைச் சொல்லிச் சொல்லி ஊர் பத்து நாள் சிரித்தது. ஆனால் அன்று ஓட்டத்தில் விழுந்து ஒரு பெரியவருக்கு இடுப்பு முறிந்தது. கோயில் சாமியார், தமக்கு உதவிக்கு இருந்த உபதேசியாரை அனுப்பினார். உபதேசியார் தன்மையாகத்தான் சொன்னார்.

"வேலைய நிறுத்தச் சொல்லல. வெளிய வச்சி முடுக்காதீங்க. கிட்டங்கிக்குள்ள வச்சிக் கதவ அடைச்சிக்கிட்டு என்ன வேணும்னாலும் பண்ணுங்க."

அதில் தப்பு என்ன? நியாயமான பேச்சு. கதவு இடுக்கிலும் உச்சித் துவாரத்திலும் சாக்கை அடைத்தார்கள். நானும் மதினியும்தான் உட்கார்ந்து சாக்கைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தோம். நன்றாக அடைத்ததும் கொல்லையில் நிற்பவருக்கே அம்மி அரைக்கிற சத்தமாகத்தான் கேட்டது. எல்லாருக்கும் திருப்தி.

புகை என்றால் எங்களுக்கு அடுப்புப் புகைதான். கண் எரியும், இருமல் வரும், ஆள் தானே வெளியே ஓடிவருவான். இந்தப் புகை கண்ணில் படவே இல்லை. பட்டறையில் அவர்கள் எஞ்சின் முடுக்கிப் பார்ப்பதெல்லாம் நாலு பக்கமும் திறந்த கொட்டகையில். முதல் நாள் உள்ளே கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு வந்தவர், தலை இடிக்கிறது என்று படுத்தார். பெட்ரோல் வாடை என்று நினைத்துச் சுக்கு அரைத்துப் பத்துப் போட்டேன்.

கயிறு யார் கையில்

இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

முத்துக் குளிப்பானாலும் சங்குக் குளிப்பானாலும், இறங்குகிறவன் இடுப்புக் கயிற்றை மேலே வள்ளத்தில் ஒருவன் பிடித்திருப்பான். அது யாராகவும் இருக்க முடியாது. இறங்குகிறவனுடைய பெண்சாதியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பிக்குக்கூடச் சொத்து ஆசை வரலாம். மச்சானுக்கு வராது. கயிற்றை விட்டால் அறுவது அவன் தங்கச்சி தாலி.

கயிறு பிடிக்கிறவனுக்கு ஒரு சட்டம் உண்டு. கீழே இருப்பவன் ஒரு சுண்டு சுண்டினால் இழுக்க வேண்டும். சுண்டாமல் இழுக்கக் கூடாது. கைக்கு எட்டின சங்கைப் போட்டுவிட்டு வர வைத்தால், மேலே வந்தவன் கெட்ட வார்த்தை சொல்லுவான். முகத்தில் முழிக்க முடியாது.

எங்க வீட்டுக்காரருக்குச் சவேரி அண்ணன் கயிறு பிடித்தான். காது வெடித்த அன்று இழுத்துப் போட்டதும் அவன்தான். சவேரி அண்ணன் இறங்கினால் ரெஜினா மதினியின் தம்பி தொம்மை பிடிப்பான். தொம்மை அந்தச் சமயம் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குப் போயிருந்தான். அவன் இல்லாததால் அண்ணன் அந்தப் பருவம் கடலில் இறங்கவே இல்லை. வேறு ஆள் கையில் கயிற்றைக் கொடுக்க மதினி சம்மதிக்கவில்லை. சும்மா இருக்கிறோமே என்றுதான் இந்தக் கார் வேலைக்கே கூட வந்தான்.

உள்ளே

முறிந்த போல்ட்டு மூலையில் புகை கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசிவு இருந்தால் புஸ் புஸ்ஸென்று கேட்குமாம். இவருக்குக் காது கிடையாதே. கோயில் மெழுகுவர்த்தி ஒன்றைக் கொளுத்தி அந்த மூலையில் காட்டி, சுடர் ஆடுகிறதா என்று கண்ணால் பார்ப்பது என்று முடிவு. அதற்கு அடியில் படுத்தாக வேண்டும். எஞ்சினும் ஓடியாக வேண்டும்.

சின்ன முதலாளி காரில் ஏறி உட்கார்ந்தார். இவர், முதலில் சொன்னேனே, அந்தக் கயிறும் இடுப்புமாக அடியில் ஊர்ந்தார். பனந்துண்டுகள்மேல் காரைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். அண்ணன் வெளியே வந்து கதவை இழுத்து அடைத்து, கதவுக்கு அடியால் வந்த கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். எஞ்சின் ஓட ஆரம்பித்தது.

மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கோயிலில் மத்தியான மணி அடித்து ஓய்ந்தது. மதினி தூக்குச்சட்டியோடு வந்தாள்.

"மீனு ஆறிப்போவுது, வாங்க."

"இரு ஏளா. மாப்பிள இன்னும் இழுக்கல."

"காரு அடியில முத்தா பொறுக்குதாரு?"

அண்ணன் கயிற்றைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தலையைச் சாய்த்தான், எதையோ காது கொடுத்துக் கேட்கிறவன் மாதிரி. எங்கள் ஆட்கள் சொல்லுவார்கள், உயிருள்ள ஆள் அசையாமல் கிடந்தாலும் கயிற்றில் ஒரு துடிப்பு இருக்கும் என்று.

"கயிறு செத்துக் கெடக்கு," என்றான்.

"இழுங்களேன்," என்றாள் மதினி.

"அவரு இன்னும் சுண்டலையே."

பிறகு கதவை உதைத்துத் திறந்து, காலைப் படியில் ஊன்றிக்கொண்டு, கைமாற்றிக் கைமாற்றி இழுத்தான். கடலில் இழுக்கிற மாதிரியே இழுத்தான். எங்க வீட்டுக்காரர் தரையில் தேய்ந்துகொண்டு வெளியே வந்தார். தலை ஒரு பக்கம் தொங்கியது. முகம் செக்கச்செவேலென்று இருந்தது. நான் அவரை அந்த நிறத்தில் பார்த்ததே இல்லை. மூச்சு எங்கேயோ ஆழத்தில் இழுத்துக்கொண்டிருந்தது.

கதவு வழியாகப் பார்த்தால் சின்ன முதலாளி ஸ்டியரிங்மேல் தலை வைத்துச் சாய்ந்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"அந்தப் பிள்ள உள்ள கெடக்கு," என்றான் அண்ணன்.

"அண்ணே, கயிறு," என்றேன் நான்.

கயிற்றை அவிழ்த்துத் தான் கட்டிக்கொள்ளக் குனிந்து, இவர் இடுப்பு முடிச்சில் கை வைத்தான். இழுத்த இழுப்பில் முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. விட்டுவிட்டான். மதினி அவன் சட்டையைப் பிடித்தாள்.

"எந் தம்பி இல்லாம நீங்க எங்கயும் எறங்கப்படாதுன்னு சொல்லியிருக்கேன்லா?"

"இது என்ன கடலா? நாலு எட்டு. ஒரு மூச்சு. விடு."

குளிக்கிறவர்கள் இறங்குவதற்கு முன்னால் மூச்சு எடுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் இருப்பதையெல்லாம் ஊதி வெளியே விடுவார்கள். பிறகு மெதுவாக, வயிற்றிலிருந்து நிரப்பிக்கொண்டு வருவார்கள். அண்ணன் அப்படி எடுத்தான். வாயை இறுக்கிக்கொண்டு உள்ளே போனான்.

சத்தம் நின்றது

சின்ன முதலாளியைக் கதவு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து வெளியே விட்டான். அவர் முழங்காலில் தவழ்ந்து வந்து கொல்லையில் வாந்தி எடுத்தார். அண்ணன் வெளியே வரவில்லை. எஞ்சினை நிறுத்தத் திரும்பிப் போனான். அப்போதும் வாய் இறுக்கித்தான் இருந்தது, நான் பார்த்தேன்.

எஞ்சின் நின்றது.

அந்த அமைதி எங்கள் எல்லாருக்கும் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. முடிந்தது என்று நினைத்தோம். நான் இவர் முகத்தில் ஈரத்துணி போட்டு விசிறினேன். மதினி சின்ன முதலாளியின் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். தெரு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், ஒருவர் வெங்காயம் நசுக்கச் சொன்னார், ஒருவர் வண்டி கட்ட ஓடினார். எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது.

மதினிதான் தலையைத் தூக்கினாள்.

"இவரு இன்னும் உள்ள என்ன செய்தாரு?"

கார்ப் பக்கத்தில் அண்ணன் கதவைப் பார்த்துத் திரும்பியபடி கிடந்தான். ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இரண்டு பேர் போய்த் தூக்கிவந்தார்கள்.

அந்தப் புகையில் நாலைந்து மூச்சு போதும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் பிறகு சொன்னார். ஆனால் அவ்வளவு தம் பிடிக்கிறவன் ஏன் அங்கே மூச்சை இழுத்தான்? எங்க வீட்டுக்காரர் பல வருஷம் கழித்து ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, யாரும் கேட்காமல் சொன்னார்.

"தண்ணிக்கு அடியில காது இரையும். மேல வந்ததும் இரைச்சல் பட்டுன்னு நின்னுரும். நின்ன ஒடன நாம நெனச்சாலும் நெனைக்காட்டாலும் ஒடம்பு இருக்குத மூச்ச ஊதிட்டு ஒரு பெரிய மூச்சு இழுக்கும். எஞ்சின் சத்தம் நின்னதும் மச்சான் மேல வந்துட்டதா அவரு ஒடம்பு நெனச்சிருக்கும்."

கடலுக்கு ஒரு மேல்மட்டம் இருக்கிறது. கிட்டங்கிக்கு இல்லை.

"அவன் வரட்டும்"

எங்க வீட்டுக்காரருக்குச் சாயங்காலம் நினைவு வந்தது. ஆஸ்பத்திரியில் இடம் இல்லாமல் வராந்தாவில் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே அண்ணனை, மூடாமல், கிடத்தியிருந்தார்கள். இவர் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார்.

"நான் இழுக்கலையே மச்சான். ஏன் இழுத்தீரு?"

கோபமாகத்தான் கேட்டார். சுடர் ஆடுகிற இடத்தை அப்போதுதான் கண்டுபிடித்திருந்தாராம். பதில் வராததைப் பார்த்து, தன் காதுதான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மறுபடியும் கேட்டார். நான்தான் கொஞ்சம் கேட்கிற காதுப் பக்கம் குனிந்து சொன்னேன்.

இடுப்புக் கயிற்று முடிச்சை அவிழ்க்க முடியாமல் அரிவாளால் அறுத்தார்கள்.

அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். செத்தவர் முகம் வெளுக்கும், நீலம் பாயும். அண்ணன் முகம் அப்படி ஆகவில்லை. வெயிலில் வள்ளம் தள்ளிவிட்டு வந்த ஆள் மாதிரி கன்னம் சிவந்தே இருந்தது. மதினி யாரையும் அழவிடவில்லை.

"செவப்பா இருக்காரு பாருங்க. செத்தவுக இப்பிடியா இருப்பாக? சும்மா இருங்க எல்லாரும்."

கண்ணாடியை மூக்கில் வைத்துக் காட்டினார்கள். கண்ணாடியைத் தட்டிவிட்டாள். சாமியார் வந்து சொன்னார். கேட்கவில்லை. என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் கழுத்தைத்தான் பார்த்தாள், என் தாலியை. விடியற்காலம்போல் ஓய்ந்து உட்கார்ந்தாள்.

"எந் தம்பி வரட்டும்," என்றாள். "அவன் வராம எறக்கப்படாது."

தொம்மைக்கு ஏற்கனவே தந்தி போயிருந்தது. அன்று காலைக் கப்பலிலேயே வந்தான். துறைமுகத்திலிருந்து நேரே நடந்து வந்தான், கையில் பை இல்லை, மாற்றுத்துணி இல்லை. பெட்டிப் பக்கத்தில் நின்று, "கயிறு யாரு பிடிச்சா?" என்று கேட்டான். எங்க வீட்டுக்காரர் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றவர், "யாரும் பிடிக்கல தொம்ம," என்றார்.

காரைப் பற்றி எழுதாமல் விட்டால் மறுபடி அட்டை வரும். சின்ன முதலாளி பிழைத்தார். அந்தக் காரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாள்பட அவர்கள் வீட்டு ஆட்கள் வந்து, நாலு குழாயைக் கழற்றி எங்கள் கொல்லையிலேயே போட்டுவிட்டு, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். குழாய் உப்புக் காற்றில் பொரிந்து பொரிந்து, எடுத்தால் கையோடு வருகிற மாதிரி ஆனது. எங்க வீட்டுக்காரர் அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தார். தலைவலியும் மறதியும் அவரை விடவில்லை. அந்த மறதியில் சில நாள் கதவைத் திறந்து, "மச்சானக் கூப்புடு," என்பார்.

அண்ணனை அடக்கம் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். கல்லறைத் தோட்டத்து மணலில் குழி தோண்டினால் பக்கமெல்லாம் சரிந்துகொண்டே இருக்கும். சீக்கிரம் இறக்க வேண்டும். பெட்டிக்கு அடியில் தலைமாட்டில் ஒரு கயிறு, கால்மாட்டில் ஒரு கயிறு கொடுத்தார்கள். பெண்கள் நாங்கள் சுவர் ஓரமாக நின்றோம். தலைமாட்டுக் கயிற்றின் ஒரு முனையைத் தொம்மை பிடித்தான்.

பெட்டி அடியில் போய் உட்கார்ந்தது. மற்றவர்கள் கயிற்றை விட்டார்கள். தொம்மை விடவில்லை. கயிற்றைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து நின்றான்.

"விடுல தொம்ம. மணலு சரியுது," என்றார் குழி வெட்டியவர்.

"இருங்க," என்றான். "மச்சான் இன்னும் இழுக்கல."

யாரும் அவன் கையைத் தொடவில்லை. மணல் தானே சரிந்து பெட்டி மறைகிற வரைக்கும் நின்றான். பிறகு அந்த முனையையும் குழிக்குள்ளேயே விட்டான். கயிற்றை உருவாமலே மூடினார்கள்.